முப்பது முத்திரைகள்

“கடையை மூடுங்க, குபோதா சான். நாடே அழுதுக்கிட்டிருக்கு.”

கடைத்தெருச் சங்கத் தலைவர் ஹமாகுச்சி கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக வீடியோ கடையின் நடுவில் நின்றார். கையிலும் ஒரு கறுப்புப் பட்டை. பார்க்கிறவர்களுக்கு, சக்கரவர்த்தி காலமான செய்தியை அரண்மனையே இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அறிவித்தது என்று தோன்றும்.

அறுபத்திரண்டு வருடம் ஆண்ட சக்கரவர்த்தி முந்தின நாள், சனிக்கிழமை காலையில்தான் போயிருந்தார். அதிலிருந்து எல்லா டி.வி. சேனலிலும் அதே அரண்மனை வாசல், அதே சோக வயலின். ஜனங்கள் மனதார அழுதார்கள். மதியத்துக்குள் அழுகை தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் பாக்கி இருந்தது. எல்லாரும் கேசட் வாடகைக்கு எடுக்கக் குபோதாவின் கடைக்கு ஓடிவந்தார்கள். கடை திறந்து மூன்று மாதம் ஆகிறது. அலமாரியில் ஒரு கேசட்கூட இல்லாத நாளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

எதிர்ச்சாரியில் ஹமாகுச்சியின் இனிப்புக் கடை செப்டம்பரிலிருந்தே ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. சக்கரவர்த்தி படுக்கையில் விழுந்ததும், கொண்டாட்டம் கூடவே கூடாது என்று தெருவின் திருவிழாவை ரத்து செய்த புண்ணியவான் அவர்தான். ஊரில் கல்யாணங்களும் தள்ளிப்போயின. கல்யாண வீட்டுக்கென்றே அவர் பிடிக்கிற சிவப்பு, வெள்ளைக் கொழுக்கட்டைகளை அதற்கப்புறம் சீந்த ஆளில்லை.

“தெருவுல எல்லாரும் கடையைச் சாத்திட்டாங்க. உங்க வாசல்ல மட்டும் தேர்க்கூட்டம்” என்றபடி ஹமாகுச்சி ஒரு காகிதத்தை விரித்தார்.

துக்க நாளில் வியாபாரம் செய்து தெருவின் மானத்தை வாங்கிய குபோதா, சங்கத்துக்குச் சொந்தமான இந்தக் கட்டடத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில் சங்க உறுப்பினர்கள் முப்பது பேர் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்திய சிவப்பு முத்திரைகள். தலைவரின் முத்திரைக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. அதையும் குத்திவிட்டால் முடிந்தது.

குபோதா காகிதத்தை இழுத்துப் படித்தான். இருந்த ஆபீஸ் வேலையையும் விட்டுவிட்டு, மனைவி தலையில் அடித்துக்கொண்டதையும் கேளாமல் திறந்த கடை இது. ஆனால் அந்த முத்திரைகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வேறொன்று உறைத்தது. அத்தனையும் தெரிந்த முத்திரைகள். கேசட் எடுக்கிறவர்கள் நிரப்பிக் கொடுத்து அவன் மேஜைக்குள் இருக்கும் படிவங்களிலும் இதே முப்பதும் இருந்தன.

“தலைவரே, இந்த முப்பது பேர் வீட்டுலயும் இப்ப என்னோட படம்தான் ஓடிக்கிட்டிருக்கு.”

“அது தெரியாமலா வந்திருக்கேன்?” ஹமாகுச்சி சீறினார். “குடைக்கடைக்காரர் நாலு எடுத்துட்டுப் போயிருக்கார். ஒரே ஆளு, நாலு கேசட். மனுஷனுக்கு எத்தனை கண்ணு? கறிக்கடைக்காரர் நேத்துப் பார்த்ததையே இன்னிக்கு ரெண்டாவது தடவை பார்க்கறாராம். ஒரு தடவை பார்த்தாச்சுன்னா திருப்பிக் கொடுத்துடணும்ங்கற ஒழுங்கு வேண்டாமா?”

அதோடு விடவில்லை. தன் கடைக்குப் பக்கத்தில் தோஃபு விற்கிறவர் சுவருக்கு அந்தப்புறம் வாள்சண்டைப் படம் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சிரிப்பதையும், முடிவெட்டுகிறவர் மாமனார் பெயரில் இன்னொரு கேசட் வாங்கியதையும் வரிசையாகச் சொன்னார். பாவம், வியாபாரம் படுத்துப்போன மனுஷனின் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டான் குபோதா.

வாசலில் கறுப்புத் துணி கட்டுவதாகச் சொல்லிப் பார்த்தான். போதாது என்றார் தலைவர். சாயந்திரம் மூடிவிடுவதாகச் சொன்னான். அதுவும் போதாது.

“உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், தலைவரே? நான் என்ன கெடுதல் பண்ணினேன்?”

ஹமாகுச்சி கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதினார். காகிதத்தை மேஜைமேல் நீவிவிட்டார்.

அப்போது கேசட்டைத் திருப்பிப் போடக் கதவில் வைத்திருந்த துவாரம் வழியாக ஒரு கேசட் பொத்தென்று உள்ளே விழுந்தது. போட்டவர் யாரோ, தலைவரின் முதுகைப் பார்த்துவிட்டு ஓடிப்போனார். முத்திரை அந்தரத்தில் நின்றது.

குபோதா குனிந்து எடுத்தான். ‘வெந்நீர் ஊற்று விடுதியில் ஏழு சிநேகிதிகள்’. ஊரே கேட்ட சிரிப்புப் படம்.

“ஒரு நிமிஷம், தலைவரே. யோஷிமுரான்னு ஒருத்தர் இதுக்காக நேத்துலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டார். எப்படியும் காலி பண்ணப்போறேன். வாக்குக் கொடுத்தவருக்கு இதையாவது கொடுத்துட்டுப் போறேன்.”

“அதுக்கென்ன இப்ப அவசரம்?” என்றார் ஹமாகுச்சி.

குபோதா அதற்குள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சுழற்றிவிட்டான்.

எதிர்ச்சாரியில், சாத்தியிருந்த இனிப்புக் கடைக்குள் டெலிபோன் மணி அடித்தது.

குபோதா ரிசீவரை வைத்தான். மணி நின்றது. மறுபடி சுழற்றினான். மறுபடி அடித்தது.

ஹமாகுச்சி முத்திரையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, காகிதத்தை நாலாக மடித்தார்.

“வெச்சுடுங்க, வீட்டுக்காரி எடுத்துடப் போறா” என்றார் தாழ்ந்த குரலில். “கறுப்புப் பை இருந்தா அதுல போட்டுக் கொடுங்க.”