நாற்பத்தொன்றாவது புள்ளி

திராட்சை பழுக்கிற நேரத்தில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். அதனால் காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரர்களுக்கு மழை நிலவரம் சொல்வது இவாஞ்சலினின் வேலை. அன்றன்றைக்கு வரும் வானிலைக் கணிப்பு ஃபைலைப் பிரித்துக் காட்டும் சாஃப்ட்வேரைக் காலையில்தான் புதிதாக இன்ஸ்டால் செய்தாள். அந்த வட்டாரத்தில் கணிப்பு சொல்லும் இடங்கள் மொத்தம் நாற்பது புள்ளிகள். பட்டியலில் நாற்பத்தொன்று இருந்தன.

"ஆத்தா, நாளைக்கு வெட்டவா?" தோட்டக்கார நல்லகண்ணு போனில் கேட்டார்.

"வெட்டுங்கண்ணே, மழை இல்ல."

கூடுதல் புள்ளி அவள் வீட்டில் இருந்தது. வெப்பம் முப்பத்தேழு. காற்று இரண்டு நொடி உள்ளே, இரண்டு நொடி வெளியே. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாள், அது போகவில்லை. பயந்துபோய் ஆண்டிபட்டியில் அக்கா அருள்செல்வி வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே போய் உட்கார்ந்தபோது மணி நான்கு. காலையில் வந்த அதே ஃபைலை லேப்டாப்பில் திறந்தாள். அதில் மாலை நான்கு மணிக்கு நேரே அந்தப் புள்ளி ஆண்டிபட்டியில் இருந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். அந்த நொடிக்கு நேரே காற்று பூஜ்யம் என்று காலையிலேயே போட்டிருந்தது.

"என்னடி இவா, மூச்ச விடுடி!" என்றாள் அக்கா.

இவாஞ்சலின் விடவில்லை. காற்று மறுபடி வருகிற வரியைத் தேடி, பூஜ்யம் பூஜ்யமாகக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தாள்.