முதல் பக்கத்து மணப்பெண்

எச்சரிக்கை மணி அலறியதும் கணினிப் பொறுப்பாளன் ராகுலன் திரையை நோக்கிக் குனிந்தான். வெள்ளவத்தைத் திருமண சேவையின் தேடல் சேர்வர் நிரம்பிக்கொண்டிருந்தது. வரன்களின் எண்ணிக்கை கூடவில்லை. தேடல் அட்டவணை மட்டும் ஒரே வாரத்தில் பத்து மடங்கு வீங்கியிருந்தது.

"பத்து நிமிஷத்தில சரிவராட்டி நீர் நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்லை!" முதலாளி பூபாலசிங்கம் பின்னால் நின்று கத்தினார்.

ராகுலன் துருவிப் பார்த்தான். ஒரே பெண்ணின் விவரம் நொடிக்கொரு தடவை புதிதாகச் சேமிக்கப்பட்டு, பழைய பிரதிகளும் அழியாமல் குவிந்திருந்தன. பெயரைக் கண்டதும் அவன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

"சேர், இது உங்கட மகள் மேனுகாவின்ர விவரம்."

பூபாலசிங்கத்தின் குரல் இறங்கியது. "ஓம் தம்பி. புதுசாச் சேமிச்சாத்தானே முதல் பக்கத்தில வரும்? வெளியால ஒருத்தரைப் பிடிச்சு நான்தான் அந்தப் புரோகிராமைப் போடுவிச்சனான்."

"அதை உடன நிப்பாட்டோணும், சேர். இல்லாட்டி எல்லாம் படுத்திடும்."

"விசர்க்கதை கதையாதையும்! அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமட்டும் அது ஓடத்தான் வேணும். வேற வழி பாரும்."

மணி மறுபடி அலறியது. திரையில் தொண்ணூற்றொன்பது வீதம் சிவந்தது. ராகுலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"அப்ப நிப்பாட்டலாம், மாமா. போன மாசமே நாங்கள் ரெஜிஸ்டர் கலியாணம் செய்திட்டம்."