கடைசி நகம்

மனைவி காலமான பிறகு தையல்காரருக்குப் பேச்சுத்துணை எலிகள்தான். கொல்ல மனம் வராது. கூண்டில் விழுவதை, அவளைப் புதைத்த இடுகாட்டுச் சுவரோரம் விட்டுவிடுவார். அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். விட்டதே திரும்பி வருகிறதோ என்று சந்தேகம். அதனால் நேற்று பிடித்த எலியின் வாலில் அவளுடைய நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, அங்கே கொண்டுபோய் விட்டார்.

அவள் இருந்தபோது, மற்ற விரல்களுக்கெல்லாம் பூசி முடித்துவிட்டு இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் அவரிடம் நீட்டுவாள். “இது உங்க பங்கு.”

காலையில் கூண்டில் அதே எலி. வாலில் பொட்டு இருந்தது. நகங்களிலெல்லாம் அதே சிவப்பு, துளியும் பிசகாமல். இடது முன்னங்காலின் கடைசி நகத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

“உனக்கு இன்னும் பிடிவாதம் போகல,” என்று சொல்லிக்கொண்டே அவர் புட்டியைத் திறந்தார்.