பதினெட்டு நிமிஷம்

“என் போனை எடுத்துப் பேச அவங்க யாரு சார்?”

புகார் சொன்னவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அரசு அதிகாரி. தேசப் பாதுகாப்பும் வெளியுறவும் சொல்லித்தரும் அந்தச் சின்னக் கல்லூரிக்கு மேல்படிப்புக்காக வந்திருந்தார். மொத்தமே இருபத்திரண்டு மாணவர்கள். எதையும் தோண்டித் துருவிக் கேட்பதால் வகுப்பில் அவருக்கு ‘குறுக்கு விசாரணை’ என்று பெயர்.

அங்கே வகுப்புக்குள் செல்போன் கூடாது. வாசல் காவலுக்கு இருக்கும் அம்மாவிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டினால், வகுப்பு முடிகிறவரை யாரும் தொடக்கூடாது.

திங்கட்கிழமை அவர் போனுக்கு ஒரே நம்பரிலிருந்து பத்து அழைப்பு. ஒன்பதை யாரும் எடுக்கவில்லை. பத்தாவதில் யாரோ பதினெட்டு நிமிஷம் பேசியிருக்கிறார்கள்.

திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் எடுத்தார்.

“அவசரம்னு தினம் பத்து பேர் என் போனை வாங்கிப் பேசறாங்க. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கறது?”

விஷயம் விசாரணைக்கு வந்துவிட்டது.

“எடுத்தது நீங்கதானா?” என்றார் கல்லூரி இயக்குநர், காவல்கார அம்மாவிடம்.

“ஆமாங்க. விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாருக்கு என்னவோன்னு மனசு கேக்கல. தப்புதான்.”

“சாரை வெளியே கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட வேண்டாம்னுட்டாங்க.”

“யாரு?”

காவல்கார அம்மா தரையைப் பார்த்தார்.

“என்ன பேசினீங்க?”

“சொல்ல மாட்டேங்க.”

பக்கத்தில் இருந்த, அங்கே பாடம் நடத்தும் ஓய்வுபெற்ற தூதர் சிரித்துவிட்டார். “எத்தனையோ நாட்டு ஆளுங்களைப் பேச வச்சிருக்கேன். இந்த அம்மாகிட்ட என் பருப்பு வேகாது போலிருக்கே!”

இயக்குநர் சிரிக்கவில்லை. “வேலை போயிடும்மா.”

“தெரியுங்க.”

அவ்வளவுதான்.

“நாளைக்குக் காலைல புகாரை எழுத்துல கொடுத்துடுங்க. அனுப்பிடலாம்,” என்றார் இயக்குநர், அதிகாரியிடம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதிகாரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தேதி, நேரம், நம்பர், எத்தனை நிமிஷம், எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னப்பா எழுதறீங்க?”

“காலேஜ் வாசல்ல ஒரு அம்மா. என் போனை எடுத்து யார்கிட்டயோ பேசியிருக்கு. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது. சரியான அழுத்தக்காரி. நாளையோட அனுப்பிடுவாங்க.”

மகள் நகரவில்லை.

“என்னம்மா?”

“திங்கட்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகலப்பா.”

பேனா நின்றது. எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் போனாய்... கேள்விகள் வரிசையாகத் தொண்டைவரை வந்தன. எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும், எதையும் கேட்கத் தோன்றவில்லை.

“மார்க் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. நீங்க உக்கார வச்சுக் கேப்பீங்களேன்னு பயம். ரெண்டு செட் துணியை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு போயிட்டேன். எங்கே போறதுன்னுகூடத் தெரியல. போறதுக்கு முன்னாடி ஒருதரம் உங்க குரலைக் கேக்கணும்னுதான் கடைக்காரர் போனை வாங்கினேன்.”

அவர் எழுந்து நின்றார்.

“அந்தம்மா ஏன், எதுக்குன்னு ஒண்ணுமே கேக்கலப்பா. நான் அழுது முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருந்தாங்க. அதுக்குள்ள, ஏறிடலாம்னு இருந்த பஸ்ஸும் போயிடுச்சு. ‘நீ நேரா வீட்டுக்குப் போ கண்ணு. என்ன ஆனாலும் என் வாயிலேருந்து உங்கப்பாவுக்கு எதுவும் போகாது’ன்னு சத்தியம் பண்ணாங்க. அதுக்காகவாப்பா அவங்களை அனுப்பப் போறீங்க?”