ஐந்தாம் மாத ஆசை

சைக்கிள் சுவரில் மோதிய சத்தத்திலேயே தொம்மையின் கோபம் தெரிந்தது. துறைமுகத்தில் கிளார்க் வேலை. வீட்டில் யாராவது டீக்குச் சீனி போடுவதையே ஆடம்பரம் என்பவன்.

“இந்தாம்மா, உன் மருமவ கேட்ட மக்ரூன். போன வாரம் முதலூர் மஸ்கோத்து அல்வா. அஞ்சாம் மாசம் வாந்தி நின்னுரும்னு சொன்ன. வாய் நிக்கலையே.”

“மாசமா இருக்கவ ஆசைப்பட்டதைக் குடுக்கலன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்லே,” என்றாள் தாய் இன்னாசியம்மாள்.

“இன்னொரு தடவை ஆசைன்னு சொல்லட்டும், பெரியதாழையில அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டிருதேன்.”

மனைவி ஞானசௌந்தரி, வயிற்றைத் தடவியபடி தலைகுனிந்து நின்றாள்.

“ஏழாம் மாசத்துக்கு முன்னால அனுப்பினா ஊரு சிரிக்கும்லே. போய்க் குளி.”

மனைவிக்காக இல்லாவிட்டாலும் பிள்ளையின் காதுக்காக அடங்கி, தொம்மை கிணற்றடிக்குப் போனான்.

வாளிச் சத்தம் கேட்டதும் ஞானசௌந்தரி பொட்டலத்தைப் பிரித்து மாமியாரின் மடியில் வைத்தாள். இன்னாசியம்மாள் ஒன்றை வாயில் போட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

“மெதுவா தின்னுங்க மாமி. ஆறாம் மாசத்துக்கு உங்களுக்கு என்ன ஆசைன்னு மட்டும் இப்பமே சொல்லிருங்க.”