சுதி இறங்கிய இடிமின்னல்

"நீ ட்ரம்ஸ் அடிக்கிறியோ, தொட்டில் ஆட்டுறியோ?"

நிரோஜன் கிற்றாரைக் கழற்றிக் கதிரையில் வைத்தான். ஆரூரன் ட்ரம்ஸ் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தீவுப்பகுதியின் ஒரே ஹார்ட் ரொக் குழு அவர்களுடைய 'இடிமின்னல்'. சரவணைக் கிராமத்தில் முதல் கச்சேரி வைத்த அன்று பக்கத்து வளவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நிரோஜன் அதை இன்றைக்கும் விருது வாங்கியது போலச் சொல்லுவான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டாம் பாட்டுக்கே ஒரு குழந்தை நித்திரையாகிவிட்டது. தாய்க்காரி மேடைக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

"எல்லாம் உங்களாலைதான். நீ வேகத்தைக் குறைச்சாய். கோபிகா கீபோர்ட்டிலை சுதியை இறக்கினாள். சனமும் எங்கை போனாலும் மெல்லிசா ஒண்டு பாடச்சொல்லிக் கேக்குது. ரசனை கெட்ட சனம்! கிழடு தட்டாமல் நிக்கிறது நான் ஒருத்தன்தான்."

நிரோஜனுக்கு நாற்பத்தாறு வயது. தலைமுடி நீளமாகத்தான் இருந்தது, மிச்சமிருந்த இடங்களில்.

"ஊர்காவற்றுறைக் கச்சேரியிலை பழைய வேகம், பழைய சுதி. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, வேறை ஆக்களைப் பாக்கிறன்."

கோபிகா ஆரூரனைப் பார்த்தாள்.

"சரியடா," என்றான் ஆரூரன்.

ஊர்காவற்றுறையில் விளையாட்டுக் கழக விழா. நிரோஜன் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டான். பழைய பாட்டு அதிர்ந்துகொண்டு எழுந்தது. பெடியள் கதிரைகளைத் தள்ளிவிட்டுத் துள்ளினார்கள். 'பார்த்தியா?' என்பது போல ஆரூரனைத் திரும்பிப் பார்த்தான்.

சரணத்தின் உச்சியில் நிரோஜன் பாட வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

அந்த வரியைக் கோபிகா பாடினாள். ஆரூரன் அடியைத் தணித்தான். அடுத்த வரிக்குச் சுதி கீழே இறங்கி நிரோஜனுக்காகக் காத்து நின்றது. இதெல்லாம் நடக்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.

மேடைக்குப் பின்னால் வந்து நிரோஜன் கேட்டான். "எப்பிடிக் கோபிகா டக்கெண்டு இறக்கினனீர்?"

"பழகிப்போச்சு அண்ணை." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

ஆரூரன்தான் சொன்னான். "கொரோனா வந்து சுகமான பிறகு உனக்கு மூச்சு நிக்குதில்லையடா. சொன்னால் பாட்டையே விட்டிடுவாய். அதுதான்..."

யார்மீதாவது கத்தவேண்டும் போலிருந்தது நிரோஜனுக்கு. தேடிப் பார்த்தான், தன்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.

கழகத் தலைவர் வல்லிபுரம் தேத்தண்ணியோடு வந்தார். "என்ன பிள்ளையள், இண்டைக்கு இப்பிடி வேகமாத் தொடங்கினனீங்கள்? நாங்கள் பயந்துபோனம்."

"என்ரை பிழை அண்ணை. நான்தான் வேகமா அடிச்சுப்போட்டன்," ஆரூரன் முந்திக்கொண்டான்.

நிரோஜனுக்குப் பொறுக்கவில்லை. "பொய் அண்ணை. பிடிவாதம் பிடிச்சது நான். எனக்குத்தான் மூச்சு ஏலாது. இப்பத்தான் தெரியும்."

"உமக்குத்தான் இப்பத் தெரியும்," என்றார் வல்லிபுரம். "ஊருக்கு எப்பவோ தெரியும் தம்பி. இல்லாட்டி, கல்யாண வீடு வழிய 'மெல்லிசா ஒண்டு பாடும்' எண்டு கேக்க எங்களுக்கென்ன விசரே?"