விரலில் இருக்கும் பிரேக்

"ஏபிஎஸ்ஸெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு, மாப்ள. நமக்கு பிரேக் விரல்லயே இருக்கு" என்றார் என் மனைவியின் அண்ணன். அந்த விரலை நம்பி இரண்டு முறை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர் அவர். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் அவரிடம் அறிவுரை உண்டு.

கடையில், சக்கரம் வழுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் வைத்த பைக்கை ஓட்டிப் பார்க்க எடுத்தேன். மச்சான் பின்னால் உட்கார்ந்து சொற்பொழிவைத் தொடர்ந்தார். மழையில் நனைந்த தெருவில், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி குறுக்கே ஓடிவந்தாள். பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். அது விரலடியில் படபடவென்று துடித்தது. சக்கரம் வழுக்கவில்லை. வண்டி அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் பந்தை எடுத்துக்கொண்டு மச்சானைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க தொணதொணன்னு பேசிக்கிட்டே வந்தா அப்பா எப்படி ஓட்டுவாரு?"

என் மனைவி அவரை அதட்டும் அதே குரல். பிறகு நிதானமாக நடந்து தெருவோர மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்த மதிலில் கதவு இல்லை.

கடைக்குத் திரும்பும்போது மச்சான் அந்த மதிலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏபிஎஸ் வண்டிக்கே கையெழுத்துப் போட்டேன்.

"ஹெல்மெட் ரெண்டு போதுங்களா சார்?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"மூணு" என்றார் மச்சான். "ஒண்ணு சின்ன சைஸ்."